பாடபேதத்தை மறைக்கும் மென்பொருள்கள்

சமூகவியல், நாட்டார் வழக்காற்றியல் துறைகளின் கருத்தரங்குகளில் ஒப்பீட்டு ஆய்வு பற்றிய பேச்சு எழுந்ததும் அடுத்து வருகிற கேள்வி ஒன்றுதான்: "எந்த மென்பொருள்?" பதிலாக ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அவையில் அமைதி. பெயர் சொல்லப்பட்டது, ஆகவே அறிவியல் நிகழ்ந்துவிட்டது என்பது எழுதப்படாத ஒப்பந்தம். "எல்லா மென்பொருளும் ஒரே விடையைத்தான் தரும், எது எளிதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரையும் கூடவே கிடைக்கும்.

எதிர்ப்புறத்தில் நம் இலக்கிய நண்பர்கள் நிற்கிறார்கள். முத்துப்பட்டனையும் சின்னத்தம்பியையும் பூஜ்யமாகவும் ஒன்றாகவும் மாற்றுவதே ஒரு வன்முறை என்பது அவர்கள் வாதம். கதைப்பாடலின் உயிர் அட்டவணைக்குள் அடங்காது என்று சொல்லிவிட்டு அவர்கள் விலகிக்கொள்கிறார்கள்.

இரண்டு கட்சிகளோடும் எனக்கு உடன்பாடில்லை. மென்பொருள்கள் ஒரே விடையைத் தருவதில்லை. அவை வேறுபடும் இடம் மிக முக்கியமான இடம். அந்த இடத்தைப் பார்க்காமல் எளிமையை மட்டும் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுப்பவர், ஏடு ஒப்புநோக்காமல் பதிப்பு வெளியிடுபவருக்குச் சமமானவர். இதைத் தாமிரபரணிக் கரையின் கொலையுண்ட தெய்வங்களை வைத்தே விளக்க முயல்கிறேன். அட்டவணையும் தருக்கமும் சிலருக்கு அலுப்பூட்டலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1

முதலில் முறை என்ன என்பதைப் பார்ப்போம். அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் ரேகின் 1987இல் வெளியிட்ட 'தி கம்பேரட்டிவ் மெத்தட்' என்ற நூலில் பண்புசார் ஒப்பீட்டுப் பகுப்பாய்வு என்ற முறையை முன்வைத்தார். க்யூசிஏ என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது. ஆயிரக்கணக்கான பேரிடம் கேள்வித்தாள் கொடுத்துச் சராசரி காண்பவர்களுக்கும், ஒரே ஊரில் பத்தாண்டு தங்கி ஒரே கதையை எழுதுபவர்களுக்கும் நடுவில் ஒரு வழி இது. பத்து, இருபது, முப்பது நேர்வுகள் கையில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆய்வாளருக்கு நெருக்கமாகத் தெரியும். எந்தெந்த நிலைமைகள் ஒன்றுகூடும்போது ஒரு விளைவு உண்டாகிறது என்பதே கேள்வி. ஒரே விளைவுக்குப் பல பாதைகள் இருக்கலாம் என்பதை இந்த முறை தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறது. கதைகளோடு வாழ்பவர்களுக்கு இது அந்நியமான சிந்தனை இல்லை.

செய்முறை எளியது. நிலைமைகளை எழுதி, ஒவ்வொரு நேர்வுக்கும் உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0 என்று இட்டு ஒரு மெய் அட்டவணை அமைக்க வேண்டும். பிறகு பூலியன் தருக்கத்தின் வழியே தேவையற்றவற்றைக் கழித்துச் சுருக்க வேண்டும். சுருக்கும் வழிமுறைக்கு க்வைன்–மெக்லஸ்கி என்று பெயர். மின்சுற்று வடிவமைப்பாளர்களுக்குப் பழக்கமான இந்த வழிமுறையின் ஒரு பாதி, தத்துவ வாசகர்கள் அறிந்த அதே டபிள்யூ. வி. க்வைன் 1950களில் எழுதிய கட்டுரைகளிலிருந்து வந்தது. பின்னாளில் 0, 1 என்ற இரண்டோடு நிற்காமல், 0.2, 0.8 என்று படிநிலை உறுப்பாண்மையை அனுமதிக்கும் ஃபஸ்ஸி கணங்களுக்கும் ரேகின் இதை விரித்தார்.

சிக்கல் எண்ணிக்கையில் தொடங்குகிறது. மூன்று நிலைமைகள் என்றால் அட்டவணையில் 8 வரிசைகள். ஐந்து என்றால் 32. ஏழு என்றால் 128. கையில் இருக்கும் கதைகளோ பதினைந்து. 32 வரிசையில் பதினைந்தும் வெவ்வேறு வரிசையில் விழுந்தால்கூட 17 வரிசைகள் காலியாகவே கிடக்கும். இந்த வெற்று வரிசைகளை என்ன செய்வது? மென்பொருள்களின் ஒப்பீடு என்பது சாராம்சத்தில் இந்தக் கேள்விக்கு அவை சொல்லும் பதில்களின் ஒப்பீடு.

2

இப்போது நெல்லைக்கு வருவோம். நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். 1969இல் 'ஆராய்ச்சி' இதழைக் கொண்டுவந்தார். 1970களின் தொடக்கத்தில் முத்துப்பட்டன் கதை, ஐவர் ராசாக்கள் கதை, கான்சாகிபு சண்டை முதலிய கதைப்பாடல்களை அவர் பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அவர் செய்ததும் ஒப்பீடுதான். யார் கொல்லப்பட்டார், யார் கொன்றார், சாதி எல்லை எங்கே மீறப்பட்டது, நிலமும் சொத்தும் எங்கே நுழைந்தன என்று கதைக்குக் கதை கேட்டுக்கொண்டே சென்றார். வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1985இல் எழுதிய கட்டுரையிலும் 1988இல் வெளிவந்த நூலிலும், இப்படித் தெய்வமானவர்களின் பொதுப்பண்பு அவர்களுடைய நற்குணம் இல்லை, அவர்களுக்கு நேர்ந்த நியாயமற்ற வன்சாவு என்ற கருத்தை வலியுறுத்தினார்.

ஆக, கேள்வி நம்முடையதுதான்: கொலையுண்ட ஒருவர் எந்த நிலைமைகளில் தெய்வமாகிறார்?

ஒரு சிறு எடுத்துக்காட்டை அமைத்துப் பார்க்கலாம். இது விளக்கத்துக்காக நான் கற்பனையாக இடும் அட்டவணை, கள ஆய்வின் முடிவு இல்லை. நிலைமைகள் மூன்று. மீறல்: இறந்தவர் சாதி எல்லையைக் கடந்தவரா? வஞ்சகம்: நம்பவைத்துக் கொல்லப்பட்டாரா? பாட்டு: அவர் கதையைக் கட்டிப் பாடுவிக்கவும் கொடை எடுக்கவும் வசதியுள்ள உறவோ ஊரோ இருந்ததா? விளைவு: தெய்வம்.

நான்கு வகை நேர்வுகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம்.

மீறல் 1, வஞ்சகம் 1, பாட்டு 1 — தெய்வம் ஆனார்.
மீறல் 0, வஞ்சகம் 1, பாட்டு 1 — தெய்வம் ஆனார்.
மீறல் 1, வஞ்சகம் 0, பாட்டு 0 — ஆகவில்லை.
மீறல் 0, வஞ்சகம் 0, பாட்டு 0 — ஆகவில்லை.

எட்டு வரிசையில் நான்கு நிரம்பின, நான்கு காலி. நிரம்பியவற்றை மட்டும் வைத்துச் சுருக்கினால் கிடைக்கும் விடை: வஞ்சகமும் பாட்டும் சேர்ந்தால் தெய்வம். மீறல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விளைவு மாறவில்லை, ஆகவே அது கழிந்துவிட்டது. இதை விரிவிடை என்போம்.

ஆனால் மென்பொருளிடம் "வெற்று வரிசைகளையும் உனக்கு வசதியானபடி பயன்படுத்திக்கொள், மிகச் சுருக்கமான விடையைக் கொடு" என்று சொல்லும் வழக்கம் உண்டு. அப்போது கிடைப்பது சிக்கன விடை. இங்கே சிக்கன விடை ஒன்று இல்லை, இரண்டு. "வஞ்சகம் இருந்தால் தெய்வம்" என்பது ஒன்று. "பாட்டு இருந்தால் தெய்வம்" என்பது மற்றொன்று. தரவுகளுக்கு இரண்டும் சமமாகப் பொருந்துகின்றன. தருக்கம் இவற்றுள் எதையும் விலக்காது.

இந்த இரண்டு விடைகளின் தூரத்தைக் கவனியுங்கள். முதலாவது சொல்வது: தெய்வத்தை உண்டாக்குவது கொலைகாரர்களின் குற்றவுணர்வும், ஆவி பழிவாங்கும் என்ற அச்சமும். இரண்டாவது சொல்வது: தெய்வத்தை உண்டாக்குவது பிழைத்திருப்பவர்களின் வசதியும் குரலும். ஒன்று அறம் சார்ந்த விளக்கம், மற்றது அதிகாரம் சார்ந்த விளக்கம். இவற்றைப் பிரித்துக்காட்டக்கூடிய வரிசைகள் காலியாகக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று, வஞ்சகமாகக் கொல்லப்பட்டு, பாட்டுக் கட்ட ஆளில்லாமல் போனவர்களின் வரிசை. "வஞ்சகம்" என்ற விடையை ஏற்பவர், அவர்களும் தெய்வமாகியிருப்பார்கள் என்று அனுமானிக்கிறார். "பாட்டு" என்ற விடையை ஏற்பவர், ஆகியிருக்கமாட்டார்கள் என்று அனுமானிக்கிறார். இருவருமே அவர்களைத் தேடிப் போகவில்லை. அனுமானத்தை மென்பொருள் செய்துவிட்டது.

3

இனி கருவிகள். பெரிதும் பேசப்படுபவை நான்கு. நான்கும் இலவசமாகவே கிடைக்கின்றன, ஆகவே விலை ஒரு காரணம் இல்லை.

எஃப்எஸ்க்யூசிஏ ரேகினும் ஷான் டேவியும் உருவாக்கியது. பட்டியலிலிருந்து தேர்ந்து பொத்தானை அழுத்தினால் போதும். விரிவிடை, சிக்கன விடை, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைநிலை விடை மூன்றையும் வரிசையாகத் தந்துவிடும். வகுப்பில் சொல்லிக்கொடுக்க இதைவிட இலகுவானது இல்லை. ஆனால் மேலே கண்டது போல இரண்டு சமமான விடைகள் எதிர்ப்பட்டால், ஒரு சிறு பெட்டியைத் திறந்து எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று பயனரைக் கேட்கும். பயனர் ஒன்றைக் குறியிடுகிறார், பெட்டி மூடுகிறது, விடை வெளிவருகிறது. ஆய்வேட்டில் அச்சாவது அந்த விடை மட்டும். கைவிடப்பட்ட விடையைப் பற்றி எழுதுவதும் எழுதாததும் ஆய்வாளரின் மனசாட்சியைப் பொறுத்தது.

டோஸ்மானா ஜெர்மனியில் லாஸே க்ரோன்க்விஸ்ட் உருவாக்கியது. 0, 1 என்ற இரண்டுக்கு மேல் 0, 1, 2 என்று பல மதிப்புகள் தேவைப்படுகிறவர்களுக்கான முன்னோடி இது. எந்த வரிசையில் எந்த நேர்வு விழுந்தது, எது காலி என்பதைப் படமாகக் காட்டும். வெற்றிடத்தைக் கண்ணால் பார்க்க வைப்பது பெரிய உபகாரம். ஆனால் பார்த்ததை மறுநாள் இன்னொருவர் அப்படியே திரும்பச் செய்ய வேண்டுமானால், எந்தப் பொத்தான்களை எந்த வரிசையில் அழுத்தினோம் என்பதை நாமேதான் எழுதிவைக்க வேண்டும்.

மூன்றாவது, ஆர் என்ற கணிமொழியில் ருமேனியாவின் அட்ரியன் டூஷா எழுதிப் பராமரிக்கும் க்யூசிஏ தொகுப்பு. 0–1, பல மதிப்பு, ஃபஸ்ஸி மூன்றையும் ஒரே இடத்தில் கையாள்கிறது. நம் எடுத்துக்காட்டை இதனிடம் கொடுத்தால் முதல் விடை, இரண்டாம் விடை என்று எண்ணிட்டு இரண்டையும் அச்சிடும். எந்த வெற்று வரிசைகளை எந்த அனுமானத்தோடு பயன்படுத்தியது என்பதையும் கேட்டால் சொல்லும். இதன் மூலநிரல் திறந்தது. இதோடு இணைந்து இயங்கும் செட்மெத்தட்ஸ் என்ற தொகுப்பைக் கொண்டு, ஒரு மதிப்பை மாற்றினால் விடை எவ்வளவு ஆட்டம் காண்கிறது என்று சோதிக்கலாம்.

நான்காவது சிஎன்ஏ. மைக்கேல் பாம்கார்ட்னரும் மத்தியாஸ் ஆம்பூலும் உருவாக்கியது. இது க்வைன்–மெக்லஸ்கியின் பாதையையே கைவிட்டது. பெரிய கூட்டிலிருந்து கழித்துக்கொண்டு வராமல், ஒற்றை நிலைமையிலிருந்து தொடங்கிக் கட்டிக்கொண்டு போகிறது. வெற்று வரிசைகளை நிரப்ப வேண்டிய தேவை அதற்கு இல்லை. தரவுக்குச் சமமாகப் பொருந்தும் விளக்கங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டியலிடுகிறது.

"எல்லாம் ஒன்றுதான்" என்பவர்களுக்கு: டூஷாவும் ஆல்ரிக் தீமும் 2013இல் மென்பொருள்களை ஒப்பிட்டு ஒரு மதிப்பாய்வே எழுதியிருக்கிறார்கள். பல விடைகள் சமமாகப் பொருந்தும் இந்தச் சிக்கலைப் பாம்கார்ட்னரும் தீமும் 2017இல் தனிக் கட்டுரையாக எடுத்து, பிரசுரமான ஆய்வுகளில் இது எவ்வளவு அலட்சியப்படுத்தப்படுகிறது என்று சாடினார்கள். சிக்கன விடை மட்டுமே காரண விளக்கம் ஆகும் என்பது அவர்கள் தரப்பு. இடைநிலை விடையே நியாயமானது என்பது ரேகின் வழிவந்தவர்களின் தரப்பு. சண்டை இன்னும் ஓயவில்லை. இது தெரியாமல் ஒரு பொத்தானை அழுத்துபவர், தமக்கே தெரியாமல் ஒரு கட்சியில் சேர்ந்துவிடுகிறார்.

4

தமிழ் வாசகர்களுக்கு இதைச் சொல்ல நம்மிடமே ஒரு சொல் இருக்கிறது: பாடபேதம்.

பத்துப்பாட்டு ஏடு தேடி உ. வே. சாமிநாதையர் ஆழ்வார்திருநகரியில் கவிராயர்களின் வீடுகளுக்குப் போனார். அதே தாமிரபரணிக் கரைதான். 1889இல் வெளிவந்த அந்தப் பதிப்பையும் அவருடைய மற்றப் பதிப்புகளையும் நாம் இன்றும் மதிப்பதற்குக் காரணங்களுள் ஒன்று, பிரதிகளிடையே கண்ட வேறுபாடுகளை அவர் மறைக்கவில்லை என்பது. ஒரு பாடத்தை மேலே வைத்தார்; மற்றதை அடியில் வைத்தார். தீர்ப்பு அவருடையது, சான்று நம் எல்லோருடையது.

இரண்டு விடைகளில் ஒன்றைப் பெட்டிக்குள் விட்டுவிட்டு மற்றதை மட்டும் அச்சிடுவது பாடபேதத்தை எரிப்பதற்கு ஒப்பானது. அதைச் செய்ய அனுமதிக்கும் கருவியையும், செய்யவிடாமல் தடுக்கும் கருவியையும் "ஒன்றுதான்" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இதுவே இலக்கிய நண்பர்களுக்கும் என் பதில். அட்டவணை கதையைக் கொல்லும் என்கிறீர்கள். முத்துப்பட்டன் கதையையே எடுத்துக்கொள்வோம். பிராமணனான பட்டன், வாலப்பகடையின் மகள்களான பொம்மக்கா, திம்மக்காவை மணந்து, மாமனாரின் தொழிலை ஏற்று, மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மடிகிறான். காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிறான். அவனுக்குத் தோல் செருப்பே காணிக்கை. ஆனால் பிந்திய வடிவங்களில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், காட்டில் கண்டெடுத்துப் பகடை வளர்த்தார் என்று கதை திருத்தப்பட்டுவிட்டது. இந்தத் திருத்தத்தை நா.வா. சுட்டிக்காட்டினார்.

இப்போது சொல்லுங்கள், "மீறல்" என்ற கட்டத்தில் எந்த எண்? பழைய வடிவத்துக்கு 1. திருத்திய வடிவத்துக்கு 0. சாதியின் கை கதைக்குள் நுழைந்த இடத்தை இவ்வளவு கூர்மையாகக் காட்டும் வேறொரு கேள்வி உண்டா? அட்டவணை கேட்டதால்தானே நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது? உரைநடையில் எழுதும்போது "சாதி மீறிய காதலின் சிக்கலான வெளிப்பாடு" என்று ஒரு தொடரைப் போட்டு நழுவிவிடலாம். கட்டம் நழுவவிடாது.

"இரண்டுக்கும் நடுவே 0.5 போட்டுவிடுங்கள்" என்று யாராவது சமரசம் பேசலாம். ஃபஸ்ஸி முறையில் சரியாக 0.5 என்பது உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அந்த நேர்வு எந்த வரிசையிலும் சேராது. சமரசம் செய்த கணமே முத்துப்பட்டன் அட்டவணையிலிருந்து காணாமல் போவான். இதிலும் கருவிகள் வேறுபடுகின்றன. டூஷாவின் தொகுப்பு 0.5 கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. எஃப்எஸ்க்யூசிஏயில் அதை ஆய்வாளர்தான் கவனித்துக்கொள்ள வேண்டும்.

விளைவு என்ற கட்டமும் இவ்வளவு எளிதானதில்லை. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த பேரணியின் மீது காவல்துறை தாக்குதல் நடத்தியபோது, ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவி அஞ்சலி செலுத்துகிறார்கள். நினைவு எங்கே முடிகிறது, வழிபாடு எங்கே தொடங்குகிறது? முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கொலையை அடுத்து வந்த முதல் இருபது ஆண்டுகளில் ஊர் என்ன செய்திருக்கும்? அந்தக் கோட்டை எங்கே கிழிப்பது என்பதை எந்த மென்பொருளும் சொல்லாது. கிழித்தவர் யார், எங்கே, ஏன் என்பதைப் பதிவு செய்யும் கருவி வேண்டுமா வேண்டாமா என்பதுதான் நம் முன்னுள்ள தேர்வு.

5

என் பரிந்துரை இதுதான். கற்பிக்க எஃப்எஸ்க்யூசிஏ போதும். வெற்றிடத்தைப் படமாகப் பார்க்க டோஸ்மானா உதவும். ஆனால் அச்சுக்குப் போகும் ஆய்வு ஆர் மொழியின் க்யூசிஏ தொகுப்பில் செய்யப்பட்டு, சிஎன்ஏ கொண்டு சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். மெய் அட்டவணை முழுமையாகவும், கட்டளை வரிகள் முழுமையாகவும், கிடைத்த எல்லா விடைகளும் பின்னிணைப்பாக வரவேண்டும். இவை இல்லாத ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.

"நம் மாணவர்களுக்கு நிரல் எழுதத் தெரியாதே" என்பார்கள். தேவைப்படுவது சில வரிகள். தரவைப் படி, அட்டவணை அமை, சுருக்கு, அவ்வளவுதான். பாளையங்கோட்டையிலும் அபிஷேகப்பட்டியிலும் நாட்டார் வழக்காற்றைப் படிக்கும் மாணவர், ஒரு பாட்டைப் பதிவு செய்தால் பாடியவர், ஊர், நாள், சூழல் நான்கையும் எழுதுகிறார். அதை யாரும் சுமை என்று சொல்வதில்லை. அதுவே ஒழுக்கம் என்று கற்பிக்கிறோம். கட்டளை வரியும் அதே ஒழுக்கம்தான்: இந்தத் தரவுக்கு இந்தக் கேள்வியை இந்த அனுமானத்தோடு கேட்டேன் என்ற வாக்குமூலம். பொத்தானை அழுத்தியதற்கு அப்படியொரு சாட்சி மிஞ்சுவதில்லை.

ஒரு சின்ன விஷயமும் உண்டு. ரேகினின் பழைய குறியீட்டில் பெரிய எழுத்து இருப்பையும் சிறிய எழுத்து இன்மையையும் குறிக்கும். நம் எழுத்தில் பெரிது சிறிது இல்லை. இன்மைக்கு முன்னால் ~ குறியிடும் வழக்கம் இப்போது பரவியிருப்பதால், வஞ்சகம், ~பாட்டு என்று தமிழிலேயே நம் சமன்பாடுகளை எழுதலாம். ஆங்கில எழுத்துச் சுருக்கங்களுக்குள் கதையைப் புதைத்துவைக்க வேண்டிய அவசியம் இல்லை. வாசகரும் படித்துச் சண்டைக்கு வரலாம்.

கடைசியாக, எந்த மென்பொருளாலும் செய்ய முடியாத ஒன்று. சாமுவேல் லூகாஸும் அலிஷா ஷாட்ரோவ்ஸ்கியும் 2014இல் க்யூசிஏ முறையையே கடுமையாக விமர்சித்தார்கள். இந்த முறை உண்மையான காரணங்களைக் கண்டடைவதில்லை என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அதற்குப் பதில் கணினிக்குள் இல்லை. வில்லுப்பாட்டு ஏடுகளை மட்டும் வைத்து அட்டவணை அமைப்பவருக்குப் "பாட்டு" என்ற கட்டம் எப்போதும் 1 ஆகவே இருக்கும். பாடப்பட்டவர்கள் மட்டும்தானே ஏட்டில் இருக்கிறார்கள். ~பாட்டு வரிசை ஏட்டில் கிடைக்காது. அது கால்வாய்க் கரையிலும் வயல் வரப்பிலும், பெயரோ கதையோ சொல்ல ஆளில்லாமல் ஒரு கல்லாகவோ மண்பீடமாகவோ நிற்கும். அந்த ஊரில் வயதானவர் ஒருவரைக் கேட்டால், "யாரோ ஒரு பிள்ளையைக் கொன்னு போட்டாங்களாம்" என்ற அளவுக்கு ஒரு வரி கிடைக்கலாம். அந்த ஒரு வரி போதும், அட்டவணையில் ஒரு வரிசை நிரம்பும். இரண்டு விடைகளுள் ஒன்று விழும்.

பீடமே இல்லாமல் போனவர்களும் உண்டு. அந்த வரிசையை முழுமையாக நிரப்ப எவராலும் முடியாது. நிரப்ப முடியவில்லை என்றால், அது காலியாக இருக்கிறது என்பதையாவது அச்சிடுங்கள். அதை மறைத்து, சுருக்கமான ஒரு சமன்பாட்டைக் கொடுத்து, கீழே ஒரு மென்பொருளின் பெயரைப் போடுவது ஆய்வு ஆகாது. மாற்றுக் கருத்துள்ளவர்கள் தங்கள் மெய் அட்டவணையோடு எழுதுங்கள், விவாதிப்போம்.